ஈரக்காட்டுக்குத் தேக்காவிலிருந்து தீ

2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் பதிவான மழை 255.2 மில்லிமீட்டர். அந்த மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். மழை விட்டும் விடாமலும் இருந்த அந்த வாரத்தில்தான், 14-ஆம் தேதி, பொங்கல் வந்தது. கேம்பல் லேனில் வழக்கம்போலக் கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் விற்பனைக்கு வந்துவிட்டன. சிங்கப்பூரில் பொங்கல் எப்போதுமே வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். விறகில் ஈரம் ஏறியிருக்கும், தீப்பெட்டி நமுத்திருக்கும், காற்றும் நனைந்திருக்கும். ஆனாலும் விறகடுப்பில் பொங்கல் வைத்துப் பழகிய பாட்டிகள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. சுள்ளிக்கு அடியில் இரண்டு சூடவில்லையை வைத்து ஒரு குச்சியைக் கிழித்தால் அடுப்பு பிடித்துக்கொள்ளும்.

காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் அவசரத்துக்குத் தீ மூட்ட என்ன எடுத்துப்போகலாம் என்று கேட்பதுண்டு. அதற்கான விடையில் பாதி அந்த அடுப்படியில் இருக்கிறது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு நடைப்பயணம் ஒன்றும் புதிதல்ல. 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவில் கால்களைப் பழக்கிக்கொண்டு, வார இறுதியில் பாலம் தாண்டி ஜொகூரிலுள்ள 1,276 மீட்டர் குனோங் லேடாங்குக்கும், எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கும், இன்னும் வடக்கே தாமான் நெகாராவுக்கும் போகிறார்கள். அவர்கள் படிக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பூர்ச்ச மரப்பட்டையை உரித்துக்கொள், பைன் மரத்தின் பிசின் ஊறிய கட்டையைச் சீவிக்கொள் என்று அவை சொல்லும். ஜொகூர் காட்டில் அந்த இரண்டையும் தேடினால் இருட்டிவிடும். அதே வேலையைச் செய்யும் பொருள்கள் சிராங்கூன் சாலையின் பூசைப்பொருள் கடைகளிலும், தேக்கா சந்தையைச் சுற்றிய மளிகைக் கடைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் ஈரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் நீண்டகாலச் சராசரிப்படி இங்கே ஆண்டுக்குச் சுமார் 171 நாள் மழை பெய்கிறது, மொத்த மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 82 விழுக்காடு. விடியலுக்குச் சற்று முன்பு அது 90-ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60-க்கு இறங்கும். இவ்வளவு ஈரக்காற்றில் ஒரு விறகுக்கட்டையைக் கூரைக்கடியில் போட்டு வைத்தால், அது தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு அளவுக்கு நீரை ஏற்றுக்கொண்டு அங்கேயே நிற்கும். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் விறகு நன்றாகவே எரியும். ஆகவே மழையில் நனையாத விறகு பெரிய சிக்கல் தராது. சருகு, காகிதம், பஞ்சு போன்ற மெல்லிய பொருள்கள்தாம் காலை ஈரத்தைச் சட்டென்று குடித்துவிட்டுப் பொறியை ஏற்க மறுக்கின்றன.

மழையில் நனைந்த சுள்ளியின் கதை வேறு. ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 1,000 ஜூல். ஒரே ஒரு கிராம் நீரை ஆவியாக்குவதற்கே 2,260 ஜூல் வேண்டும், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதற்கான செலவு தனி. ஒரு குச்சியின் சூடு முழுவதும் வீணாகாமல் போய்ச் சேர்ந்தாலும் அரை கிராம் நீரைக்கூட அதனால் விரட்ட முடியாது. நனைந்த சுள்ளிக்கட்டில் இருக்கும் நீரோ பல கிராம். ஈரமான காட்டில் குச்சி குச்சியாகக் கிழித்துப் போட்டும் தீ பிடிக்காததற்குக் கிழிப்பவரின் கைராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பொறிக்குப் பஞ்சமில்லை. பொறிக்கும் விறகுக்கும் நடுவில் மூன்று நான்கு நிமிடமாவது விடாமல் எரிந்து, சுள்ளியின் ஈரத்தை ஓட்டிவிட்டு, பிறகு அதைப் பற்றவைக்கும் ஒரு பொருள்தான் தேவை. பையில் எதை வைப்பது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே முடிவு செய்யலாம்.

பொறியைப் பற்றிய பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மூலைக்கடையில் கிடைக்கும் சாதாரண எரிவாயு லைட்டரே முதல் தேர்வு. அதிலுள்ள பியூட்டேன் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் அரை டிகிரி, அதனால் வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் அது எப்போதும் சுறுசுறுப்பாக வாயுவாகி வெளியே வரும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு உச்சிபோன்ற குளிர்ந்த இடங்களில்தான் சோம்பல் காட்டும். தண்ணீரில் விழுந்தால் சக்கரமும் கல்லும் நனைந்து பொறி வராது. வாயால் ஊதி, சட்டையில் சக்கரத்தைச் சிலமுறை உருட்டினால் மறுபடி உயிர் பெறும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும் ஒளிபுகும் லைட்டராகப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டாக வாங்கி வெவ்வேறு பைகளில் வைப்பது இன்னும் நல்லது.

தீப்பெட்டிக்கு இந்த ஊர் ஒத்துவராது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அது அங்கே வேரூன்றியதற்கு மழை குறைந்து வெயில் காயும் அந்த மண்ணும் ஒரு காரணம். அந்த வறட்சியில் பிறந்த குச்சியைக் கொண்டுவந்து 82 விழுக்காடு ஈரக்காற்றில் வைத்தால் அது நமுக்கத்தான் செய்யும். குச்சியின் தலையை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, அதைத் தூண்டும் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் ஓரப்பட்டையில் இருக்கிறது. பட்டை நனைந்தால் காய்ந்த குச்சியும் பயனற்றது. தீப்பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் குச்சித் தலைகளை உருகிய மெழுகில் தோய்த்து, பட்டையையும் வெட்டியெடுத்து, இரண்டையும் இறுக்கமான திருகுமூடிப் புட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

முகாம் பொருள் விற்கும் கடைகளில் கண்ணைப் பறிப்பது ஃபெரோ தண்டு. கறுப்பு உலோகத் தண்டை எஃகுத் தகட்டால் சுரண்டினால் வெள்ளைப் பொறி மழையாகக் கொட்டும். சீரியம், லாந்தனம் போன்ற உலோகங்களோடு இரும்பு சேர்த்த இந்தக் கலவைக்கு 1903-இல் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக். பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கில் தொங்குமே, அந்த மேண்டில் வலைக்கு மூலவரும் அவர்தான். லைட்டரில் கல் என்று நாம் சொல்வதும் இதே கலவையின் சிறு துண்டே. பொறியின் வெப்பம் 3,000 டிகிரியை நெருங்கும், நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம், ஆண்டுக்கணக்கில் தீராது. ஆனால் அந்தப் பொறி கண்ணிமைக்கும் நேரத்துக்கு மேல் வாழாது, ஈரச் சருகில் விழுந்தால் அங்கேயே அணைந்துவிடும். பஞ்சுபோல் மிருதுவான ஒன்று கீழே காத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. கடற்காற்றில் தண்டும் அரித்து உதிரும். காணொளிகளில் பார்க்க அழகாக இருந்தாலும், இதைத் துணைக்கு வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

இனிப் பூசைக்கடை.

சூடத்தின் அருமை அதன் வேதியியலில் இருக்கிறது. சுமார் 65 டிகிரி சூட்டிலேயே அதிலிருந்து எழும் ஆவி சுடரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் அது கரைவதில்லை என்றே சொல்லலாம், ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் சொச்சம்தான் கரையும். மழையில் நனைந்த வில்லையைத் துடைத்துவிட்டு உடனே கொளுத்தலாம். நீரைவிட ஒரு நூலளவு இலேசானது என்பதால் தண்ணீரில் மிதந்துகொண்டே எரியவும் செய்யும். ஒரு கிராம் சூடம் எரிந்தால் ஏறத்தாழ 38,000 ஜூல் வெப்பம் கிடைக்கும். மேலே பார்த்த தீக்குச்சிக் கணக்கில் சொன்னால் 38 குச்சிகளை ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எரித்ததற்குச் சமம். சாம்பல் மிஞ்சாது. இத்தனை சிறிய பொருளில் இவ்வளவு நெருப்பை அடக்கியிருப்பதால்தான் கோயில் தட்டில் எரிகிற ஒற்றை வில்லை கருவறை வரை வெளிச்சம் காட்டுகிறது.

தமிழர்களுக்கும் கற்பூரத்துக்கும் இந்தக் கடற்பகுதியில் இருக்கும் உறவு சிங்கப்பூரைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ், கற்பூரத்துக்குப் பெயர்போன பழைய துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே நிலைகொண்டிருந்ததைச் சொல்கிறது. அந்தப் பாருஸ் கற்பூரம் ஓங்கி வளரும் வேறொரு காட்டு மரத்தின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது, மருந்துக்கும் வாசனைக்கும் போனது. இன்று தட்டில் ஏற்றும் சூடம் அதன் ஒன்றுவிட்ட உறவு. சீனா, ஜப்பான், தைவான் பகுதிகளில் வளரும் கற்பூர மரத்திலிருந்து ஒருகாலத்தில் வடித்தார்கள். இப்போது விற்பனைக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி, பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைனைக் கொண்டு ஆலையில் செய்தது. குளிர்நாட்டுக் கையேடு தேடச் சொல்லும் பைன் பிசின் இப்படிச் சுற்றி வளைத்துத் தேக்காவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

சூடத்துக்குக் குறைகளும் உண்டு. அது திறந்து வைத்த இடத்திலேயே காற்றோடு போய்விடும், உருகாமல் நேராக ஆவியாகிவிடும். மெல்லிய காகிதத்தில் சுற்றிய வில்லையைப் பையில் போட்டு மறந்துவிட்டு, சில மாதம் கழித்துத் தேடினால் காகிதம்தான் இருக்கும். அதனால் சிறு கண்ணாடிப் புட்டியிலோ தகரச் சிமிழிலோ இறுக மூடி வைக்க வேண்டும். சிலவகை நெகிழிப் பெட்டிகளை அதன் ஆவி இளக்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்லக் கூடாது. சுடர் உயரமாக, புகைக்கரியோடு எரியும், பலத்த காற்றில் சாய்ந்து அணையும், ஆகவே கல்லோ கட்டையோ வைத்து மறைப்புக் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட, பிள்ளைகள் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறிதளவு சூடத்தை விழுங்கினாலே குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். அந்துருண்டையும் பார்வைக்குச் சூடம் மாதிரியே இருக்கும், ஆனால் அது நஞ்சு, எரிந்தால் கரும்புகை கக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கும் வீடுகள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சூடத்துக்கு அடுத்த இடம் விளக்குத்திரிக்கு. கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் பஞ்சுத்திரி கலப்பில்லாத பருத்தி. ஒப்பனைக்கு விற்கும் பஞ்சுருண்டைகள் சிலவற்றில் செயற்கை இழை கலந்திருக்கும், அவை எரியாமல் உருகும். திரியை முறுக்கவிழ்த்து, பஞ்சாகப் பிரித்து, வேசலினை அதன் மேற்புறத்தில் மட்டும் நன்றாகத் தேய்க்க வேண்டும். உள்ளே கொஞ்சம் உலர்ந்த இழை மிஞ்சியிருக்க வேண்டும். பொறி அந்த உலர்ந்த இழையில் விழுந்து பிடிக்கும், வேசலின் மெதுவாக உருகித் திரிக்கு எண்ணெய்போல் ஊட்டும். நெல்லிக்காய் அளவு உருண்டை நான்கைந்து நிமிடம் நின்று எரியும். செலவு சில காசுகள். ஃபெரோ தண்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

ஏன் வேசலின், நெய்யில் தோய்த்த திரியே கடையில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, நன்றாகவும் எரிகிறது. சிங்கப்பூர் வெப்பம்தான் அதற்கு எதிரி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், அதனால் இங்கே அது உறைந்து பார்த்தவர் குளிரூட்டிய அறையில்தான் பார்த்திருப்பார். நெய்யும் 30 டிகிரியைத் தாண்டினால் இளகி ஓடத் தொடங்கும். ஒருநாள் நடைக்குள் பையிலுள்ள துணியெல்லாம் நெய் மணக்கும், எறும்பும் வரும். வேசலின் இளகினாலும் ஓடாது, மெழுகு அதைவிட உறுதியாக நிற்கும்.

அதே கடையின் இன்னொரு டப்பாவில் குங்கிலியம் இருக்கும். காட்டு மரங்களின் இறுகிய பிசின் அது. மலாய் மக்கள் இதன் உறவினமான டாமார் பிசினை ஓலையில் சுற்றிப் பந்தமாக எரித்தார்கள், படகின் பிளவுகளை அடைக்கவும் பயன்படுத்தினார்கள். தண்ணீர் ஒட்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாது, சூடத்தைப்போல் ஆவியாகிப் போகவும் செய்யாது. பற்றவைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பிடித்துவிட்டால் உருகி வழிந்து நிதானமாக எரியும். பொடித்துச் சூடத்தின் மேல் தூவினால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். சாம்பிராணியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது புகைக்குத்தான் பிறந்தது, நல்ல சுடர் தராது.

பூசைக்கடைக்கு வெளியே வந்தால், மிதிவண்டி பழுதுபார்ப்பவரிடம் கிடைக்கும் பழைய டியூப் ஒன்று போதும். இரண்டு விரல் நீளத்துக்குப் பட்டைகளாக வெட்டிய ரப்பரைத் தண்ணீரில் முக்கியெடுத்தும் கொளுத்தலாம், எளிதில் அணையாது. நாற்றமும் கரும்புகையும் தாங்க முடியாதவை, அது எரிந்து முடியும்வரை மேலே பாத்திரம் வைக்கக் கூடாது. வழிதவறியவர் தன் இருப்பைக் காட்ட விரும்பினால் அந்தப் புகையே உதவும். ரப்பருக்கு இந்த மண்ணில் தனி வரலாறு உண்டு. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகள் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இறங்கின. 1888 முதல் பூமலையை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் வடிக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்தி விதை கொடுத்தார். அந்த விதைகள் தோட்டங்களாகி, தோட்டங்கள் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேரை மலாயாவுக்கு இழுத்தன. லைட்டரின் விசைக்கு அடியில் இரண்டு சுற்று டியூப் வளையத்தைப் போட்டு வைத்தால், பைக்குள் விசை அழுந்தி எரிவாயு கசிவதும் நிற்கும், அவசரத்துக்கு எரிபொருளும் ஆகும்.

தேசிய சேவை முடித்த ஆண்களிடம் கேட்டால் வேறொரு பெயரைச் சொல்வார்கள்: சாலிட் ஃபியூவல். வெள்ளை வில்லையாக, தகர அடுப்போடு வரும் இந்த ஹெக்சமின் எரிபொருளை 1936-இல் ஜெர்மனியில் எரிக் ஷும் உருவாக்கினார். புகையில்லை, வழிந்து கொட்டாது, ஒரு குவளை நீரைக் கொதிக்க வைக்க ஏற்றது. ஆனால் எரியும்போது வரும் ஆவி மூக்கையும் கண்ணையும் உறுத்தும், மூடிய கூடாரத்துக்குள் கூடவே கூடாது. (எந்த நெருப்பையுமே கூடாரத்துக்குள் மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும்.) கடற்கரைப் பூங்காக்களில் வாட்டி உண்பவர்கள் வாங்கும் மண்ணெண்ணெய் ஊறிய வெள்ளைக் கட்டிகளும் நன்றாகவே வேலை செய்யும், பொட்டலத்தைப் பிரித்ததும் எண்ணெய் பறந்துவிடும் என்பதால் நீண்டநாள் சேமிப்புக்கு உதவாது. கொவிட் காலத்திலிருந்து எல்லார் பையிலும் கிடக்கும் கைச்சுத்திகரிப்புக் களிம்பும் எரியும். அதன் நீலச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, எரிகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பவர் சுட்டுக்கொள்வார். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளட்டும். கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் மரவள்ளி வறுவல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குடித்த மாவுப்பொருள் என்பதால் அதுவும் பிடித்து எரியும், பசி பொறுக்குமானால்.

காட்டிலேயே கிடைப்பவற்றையும் தெரிந்துகொள்ளலாம். தென்னை நிற்கும் கரையோரங்களில் பன்னாடை, காய்ந்த பாளை, தேங்காய் நார், கொட்டாங்குச்சி எல்லாமே தீக்கு உணவு. சவுக்கின் உதிர்ந்த ஊசிகள் காய்ந்திருந்தால் சடசடவென்று பிடிக்கும், அதன் கட்டை நல்ல விறகென்று தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் கம்போங் கிளாமுக்குப் பெயர் தந்த கெலாம் மரத்தின் பட்டை, தாள் தாளாக உரிந்து வரும். இலையில் எண்ணெய் நிறைந்த இனம் அது. மலாய்த் தீபகற்பத்தில் மீன்வால் போன்ற இலையுள்ள ஒரு பனை வளர்கிறது, நம் கூந்தற்பனையின் இனம். அதன் மட்டைக்கடியில் சுரண்டினால் வரும் பழுப்புப் பஞ்சை ராபோக் என்பார்கள். கோபெக் அப்பி என்ற தீயுருளைக்கு அதுதான் திரி. ஒரு முனை மூடிய சிறு குழலுக்குள் அந்தப் பஞ்சு செருகிய தண்டை ஓங்கி அடித்தால், உள்ளே நெரிந்த காற்று சூடேறிப் பஞ்சைக் கனலவைக்கும். டீசல் எஞ்சின் எரிபொருளைப் பற்றவைப்பதும் இதே விதியில்தான். தென்கிழக்காசிய மக்கள் இதை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே கையில் வைத்திருந்தார்கள் என்பது இந்த வட்டாரத்துக்குப் பெருமை. ஆனால் வார இறுதி நடைக்கு அதைச் செய்து எடுத்துப்போகச் சொல்வது வேண்டாத வீம்பு.

மழைக்காட்டில் விறகு பொறுக்கும்போது தரையில் கிடப்பதைத் தொட வேண்டாம், அது ஊறிப்போனது. பட்டுப்போய் நின்றுகொண்டிருக்கும் கிளை, அல்லது கொடியில் மாட்டி அந்தரத்தில் தொங்கும் கிளை மேலே நனைந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். அதைப் பிளந்து உட்புறத்தைச் சிராய் சிராயாகச் சீவ வேண்டும். தீக்குச்சிப் பருமன், பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன் என்று மூன்று குவியலையும் தயாராக வைத்துவிட்டுத்தான் சூடத்தைக் கொளுத்த வேண்டும். பச்சைக் கொம்புகளை வரிசையாகப் பரப்பி அதன்மேல் தீயை மூட்டினால் தரை ஈரம் ஏறாது. பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். நெருப்பு பிடித்துவிடும், அடுத்த சுள்ளியைத் தேடி எழுந்து போவார்கள், திரும்பி வருவதற்குள் அணைந்திருக்கும்.

சிங்கப்பூருக்குள் இதையெல்லாம் செய்துபார்க்க ஆசைப்படுபவர்கள் சட்டத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். பூங்காக்களில் இதற்கென்று கட்டிவைத்த வாட்டும் அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்ட அனுமதியில்லை. கூடாரம் போட அனுமதி பெற்றிருந்தாலும் புல்தரையில் நெருப்பு வளர்க்க முடியாது. இயற்கை வனப்பகுதிகளில் செடிகொடிகளை வெட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் காட்டுத்தீயா என்று சிரிக்க வேண்டாம். 2014 பிப்ரவரி, 1869-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட மிக வறண்ட மாதம். புற்கள் பழுத்து, புதர்கள் எரிந்து, தீயணைப்பாளர்கள் அலைந்தார்கள். மலேசியக் காடுகளிலும் தேசியப் பூங்காவுக்குப் பூங்கா விதி மாறும், வழிகாட்டியைக் கேட்காமல் நெருப்பு மூட்டக் கூடாது.

பழகாமல் எடுத்துப்போகும் எந்தப் பொருளும் அவசரத்தில் கைகொடுக்காது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ ஒரு வாட்டும் அடுப்பைப் பதிவு செய்துகொண்டு, மழை பெய்து விட்ட மாலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன நனைந்த சுள்ளியில் சூடத்தையும் வேசலின் திரியையும் பிள்ளைகளோடு சேர்ந்து முயன்று பார்க்கலாம். எது எவ்வளவு நேரம் எரிகிறது, காற்றில் எது அணைகிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

பையில் வைக்க வேண்டியது அதிகமில்லை. டியூப் வளையம் சுற்றிய லைட்டர் இரண்டு, சிறு சிமிழில் பத்துச் சூடவில்லை, உறைப்பையில் ஆறேழு வேசலின் திரி. விருப்பமிருந்தால் ஒரு ஃபெரோ தண்டு. மொத்தமும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், எல்லாவற்றையும் லிட்டில் இந்தியாவின் இரண்டு மூன்று தெருக்களுக்குள்ளேயே வாங்கிவிடலாம். ஜொகூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது போதும். சாங்கியிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: சூடம், ஹெக்சமின், தீமூட்டும் கட்டி ஆகியவை அனைத்துலக விதிகளில் எரியக்கூடிய திடப்பொருள்களாகப் பட்டியலிடப்பட்டவை. கைப்பையிலும் வைக்க முடியாது, பெட்டியிலும் போட முடியாது. லைட்டருக்கும் ஊருக்கு ஊர் கட்டுப்பாடு வேறு. அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, இறங்கும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.